பின் டிபரன்சலுக்கு எந்தப் பூட்டு? வண்டி நின்ற விதத்தை வைத்துத் தெரிவு செய்தல்

மாரிமழை தொடங்கி இரண்டு கிழமை சென்றதும், யாழ்ப்பாணத்தின் தென்மராட்சி வயல்களுக்கும் வடமராட்சி கிழக்குக் கரையோரத்துக்கும் வாகனம் கொண்டு போகிறவர்கள் கராஜ் வாசலில் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: பின்பக்கத்துக்கு ஒரு லொக்கர் போட்டால் இனிப் புதையாதா? டிபரன்சல் என்பது, திரும்பும்போது இரண்டு பின் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி; லொக்கர் என்பது அந்த இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு. அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உடனே பதில் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. வண்டி நின்றபோது எந்தச் சில்லு சுழன்றது, எது சும்மா நின்றது, சேற்றுக்குப் போகாத மிச்ச நாட்களில் அதே வண்டி எத்தனை ஒழுங்கை முடக்குகளில் திரும்புகிறது என்பவை தெரியாமல் டிபரன்சலில் கைவைத்தால், ஆண்டில் பத்து நாள் சேற்றுக்காக மீதி முன்னூற்றைம்பது நாளும் ரயரையும் ஸ்ரியறிங்கையும் வதைக்க வேண்டி வரும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அது எதைக் காட்டுகிறது, எதைச் செய்தால் தீரும், எந்த இடத்தில் மாற்றுப் பூட்டு உண்மையிலேயே வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

புதைந்தவுடன் அக்சிலேற்றரை மேலும் அழுத்தாமல் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். பின் சில்லுகளுக்குக் கீழே உள்ள நிலம் பாதி விடையைச் சொல்லிவிடும். ஒரு பக்கத்தில் ஆழமான குழியும், மறு பக்கத்தில் ரயரின் பூ அப்படியே அச்சுக் குத்தியது போலத் தெளிவாகவும் இருந்தால், ஒரு சில்லு மட்டுமே சுழன்றிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு குழி என்றால் இரண்டும் சுழன்றிருக்கின்றன. குழியே இல்லாமல் வண்டி நின்றிருந்தால், பின் அச்சோ அடிச்சட்டமோ வரம்பில் குந்திவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அப்படியானால் அது மண்வெட்டியால் தீர வேண்டிய விடயம்.

அறிகுறி: ஒரு பின் சில்லு சுழல்கிறது, மற்றது அசையவில்லை

மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். டிபரன்சல் பூட்டு எதுவுமில்லாத திறந்த வகையாக இருக்கலாம், எல்.எஸ்.டி. எனப்படும், வழுக்கலை ஓரளவு மட்டுப்படுத்தும் லிமிற்றட் ஸ்லிப் வகையாக இருந்து அதன் தட்டுகள் தேய்ந்து போயிருக்கலாம். அல்லது சுவிச்சால் போடும் லொக்கர் இருந்தும் அது பூட்டாமல் இருக்கலாம்.

"சுழல்கிற சில்லுக்கே சக்தி முழுவதும் போய்விடுகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சு பிழையான பொருளை வாங்க வைக்கிறது. திறந்த டிபரன்சல் இரண்டு சில்லுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கிறது. வழுக்குகிற சில்லு 80 நியூற்றன் மீற்றருக்கு மேல் தாங்காது என்றால், இறுகிய மண்ணில் நிற்கும் சில்லுக்கும் 80 மட்டுமே கிடைக்கும். மொத்தம் 160. வண்டி அசைய 300 வேண்டும் என்றால் அது அசையாது, என்ஜின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அசையாது. இந்த இடத்தில் வழுக்காத சில்லுக்குக் கூடுதலாக எவ்வளவு அனுப்ப முடியும் என்பதில்தான் ஒவ்வொரு வகைப் பூட்டும் மற்றதிலிருந்து வேறுபடுகிறது.

தட்டு வகை எல்.எஸ்.டி. உள்ளே இறுக்கி வைத்த கிளச் தட்டுகளின் உராய்வால் ஓரளவு கூடுதல் விசையை மறுபக்கம் அனுப்பும். ரோர்சன், ட்ரூட்ராக் போன்ற சாய்பல் கியர் வகை உராய்வுத் தட்டு எதுவுமின்றி, வழுக்குகிற சில்லு தாங்குவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கை மற்றச் சில்லுக்குக் கொடுக்கும். மேலே சொன்ன கணக்கில் 80உம் 240உம் சேர்ந்து 320 ஆகும், வண்டி நகர்ந்துவிடும். ஆனால் பூச்சியத்தின் மூன்று மடங்கும் பூச்சியம்தான். வரம்பைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் ரோர்சன் தனியே எதுவும் செய்யாது. முழுமையாகப் பூட்டும் லொக்கர் மட்டுமே, தூக்கிய சில்லைப் பொருட்படுத்தாமல், நிலத்தில் நிற்கும் சில்லின் பிடி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவையும் கொடுக்கும்.

அந்த இடத்திலேயே செய்யக்கூடிய வைத்தியம் ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது: ஹாண்ட்பிறேக்கை இரண்டு பல் இழுத்துக்கொண்டு மெதுவாக அக்சிலேற்றரைக் கொடுங்கள் என்பார்கள். சாய்பல் கியர் வகையில் இது வேலை செய்யும். சுழல்கிற சில்லில் பிறேக் 100 நியூற்றன் மீற்றர் பிடித்தால், மற்றதற்கு 300 கிடைக்கும். அதில் பிறேக் தின்னும் 100 போக 200 மிஞ்சும். திறந்த டிபரன்சலில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அந்தப் பக்கம் 100, இந்தப் பக்கமும் 100, அதையும் பிறேக்கே தின்றுவிடும், மிச்சம் பூச்சியம். திறந்த டிபரன்சலுக்கு உதவக்கூடியது வழுக்குகிற சில்லை மட்டும் தனியே பிடிக்கும் பிறேக். நம்முடைய நாலு சில்லு உழவு இயந்திரங்களில் இடது பிறேக்கும் வலது பிறேக்கும் தனித்தனி மிதிகளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுழல்கிற பக்கத்து மிதியை மட்டும் மிதித்து வயலிலிருந்து ஏறுகிறவர் இந்த வேலையைத்தான் செய்கிறார். புதிய வாகனங்களில் உள்ள இலத்திரனியல் ட்ராக்சன் கொன்ட்ரோல் இதையே கணினியால் செய்கிறது. அது வேலை செய்யும்போது பிறேக் கரகரவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அக்சிலேற்றரை விட்டுவிடாமல் ஒரே அளவில் பிடித்துக்கொண்டிருந்தால், ஒன்றிரண்டு விநாடியில் மறு சில்லு பிடித்துக்கொள்ளும். அந்த வசதியுள்ள வாகனம் வைத்திருப்பவர்களில் பலருக்குத் தனி லொக்கர் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருப்பது எது?

பழைய வாகனம் வாங்கியவர்களுக்கு இது தெரியாமலே இருக்கும். விற்றவர் "எல்.எஸ்.டி. இருக்கு" என்று சொல்லியிருப்பார், இருந்தது உண்மையாகவும் இருக்கலாம், அது இன்றும் வேலை செய்கிறதா என்பது வேறு விடயம். முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் அச்சை ஜக்கால் தூக்கி, இரண்டு பக்கமும் உறுதியான தாங்கிகளில் இறக்கிவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட்பிறேக்கை விடுங்கள். ஒரு பின் சில்லைக் கையால் சுழற்றும்போது மற்றது எதிர்த் திசையில் சுழன்றால், அது திறந்த வகை, அல்லது பூட்டு விட்டிருக்கும் சுவிச் லொக்கர், அல்லது முற்றாகத் தேய்ந்த எல்.எஸ்.டி. இரண்டும் ஒரே திசையில் சுழன்றால், தட்டுகள் நல்ல நிலையில் உள்ள எல்.எஸ்.டி. அல்லது தானியங்கி லொக்கர் உள்ளே இருக்கிறது. சாய்பல் கியர் வகை இந்தச் சோதனையில் பல வேளைகளில் திறந்த வகை போலவே நடந்துகொள்ளும் என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். என்ஜின் அறையிலுள்ள தகட்டில் அச்சுக்குரிய குறியீடு இருக்கும். அதை உதிரிப்பாகப் பட்டியலோடு ஒப்பிட்டால் தொழிற்சாலையில் எந்த வகை பொருத்தினார்கள், டிபரன்சலின் பிரதான பற்சக்கர ஜோடியான கிறவுண் பினியனின் விகிதம் என்ன என்பவை தெரிந்துவிடும்.

பழைய லாண்ட்றோவர் டிபென்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அதன் ஹாண்ட்பிறேக் பின் சில்லுகளைப் பிடிப்பதில்லை. முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து பின்னுக்குப் போகும் சாஃப்ற்றையே பிடிக்கிறது. ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கால் தூக்கினால், சாஃப்ற் அசையாமல் நிற்கும்போதே தூக்கிய சில்லு பின்னோக்கிச் சுழல, நிலத்தில் நிற்கும் சில்லு முன்னோக்கி உருளத் திறந்த டிபரன்சல் இடம்கொடுத்துவிடும். அதாவது ஹாண்ட்பிறேக் இழுத்த வண்டி ஜக்கிலிருந்து உருண்டு விழும். கட்டை கொடுக்காமல் அதன் கீழே கையை நீட்டக் கூடாது.

அறிகுறி: இரண்டு பின் சில்லும் சேர்ந்து சுழல்கின்றன

இந்த இடத்தில் பின் லொக்கர் எதையும் தராது, ஏனென்றால் அது செய்யக்கூடிய வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மணற்காட்டுச் சவுக்கங்காட்டை அண்டிய மணலிலும், அங்கிருந்து நாகர்கோவில், மருதங்கேணி வழியாகச் சுண்டிக்குளம் வரை நீளும் கரையோர மணற்பாதைகளிலும் நிற்கிற வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நிற்கின்றன. காய்ந்த மணல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கும். அங்கே முதலில் குறைக்க வேண்டியது ரயர்க் காற்று. தார் வீதியில் 32 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர் மணலில் 16 அல்லது 18க்கு இறக்கினால், ரயரின் தடம் நீளவாட்டில் விரிந்து வண்டி மணலின் மேலே மிதந்தது போலப் போகும். லோ கியரில் (ட்ரான்ஸ்பர் பெட்டியின் மெதுவான நிலையில்), முன் சில்லை அதிகம் ஒடிக்காமல், நிற்காமல் ஓட்ட வேண்டும். தார் வீதிக்கு ஏறியதும் வேகம் எடுப்பதற்கு முன் காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பதால், ஒரு லொக்கரின் விலையில் மிகச் சிறிய பங்கைச் செலவழித்து நல்ல கொம்பிரசர் ஒன்றும் காற்றளவு பார்க்கும் மானி ஒன்றும் வாங்கிக்கொள்வது முதல் வேலை. லொக்கருக்குக் காசு சேர்த்துக்கொண்டு வந்த இரண்டு பேரை இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அறிகுறி: ஒயில் மாற்றியபின் முடக்கில் பின்பக்கம் உறுமுகிறது, அதிர்கிறது

இது நானே பட்டது. தட்டு வகை எல்.எஸ்.டி. உள்ள என் பிக்கப்புக்கு ஒரு கராஜில் டிபரன்சல் ஒயில் மாற்றினேன். அடுத்த நாள் காலை வீட்டு ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு மெதுவாகத் திருப்பும்போது, பின் இருக்கைக்குக் கீழே யாரோ பலகையை அரத்தால் இழுப்பது போன்ற ஓர் உறுமல் கேட்டது. நேராக ஓடும்போது அது இல்லை. சூடேறினால் குறையவில்லை, கூடியது. டிபரன்சல் முடிந்துவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று அந்தக் கராஜிலேயே சொன்னார்கள். கொடிகாமத்தில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் நிரப்பும் மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "தம்பி, டிபரன்சல் சாகேல்லை. உள்ளுக்கு ஊத்தின ஒயில்தான் அதைக் கத்த வைக்குது."

அவர் சொன்னது சரி. கிறவுண் பினியனுக்கு ஜி.எல்.-5 தரத்து ஒயில் போதும், ஆனால் எல்.எஸ்.டி. தட்டுகளுக்கு உராய்வை மட்டுப்படுத்தும் சேர்மானமும் வேண்டும். அது இல்லாத ஒயிலில் தட்டுகள் வழுக்கிச் செல்லாமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும். தகரத்தில் ஜி.எல்.-5 என்பதோடு எல்.எஸ். என்ற குறியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சேர்மானத்தைத் தனியே வாங்கி, அதன் போத்தலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகாமல் கலக்க வேண்டும். அளவு கூடினால் உறுமல் நிற்கும், ஆனால் தட்டுகள் பிடிப்பதையும் நிறுத்திவிடும். பிறகு அந்த எல்.எஸ்.டி. பெயரளவில் மட்டுமே இருக்கும். ஒயிலை மாற்றியபின் வெறுமையான ஒரு திடலில் எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓட்டினால், புதிய ஒயில் தட்டுகளுக்கு இடையில் இறங்கும். என் வண்டியில் ஏழாவது சுற்றோடு உறுமல் நின்றது. ஒயிலைச் சரியாக மாற்றிய பிறகும் அது நிற்காவிட்டால் மட்டுமே டிபரன்சலைத் திறக்க வேண்டும்.

அறிகுறி: எல்.எஸ்.டி. இருந்தும் ஒரு சில்லே சுழல்கிறது

மேலே சொன்ன தூக்கிப் பார்க்கும் சோதனையில் சில்லுகள் எதிர்த் திசையில் எளிதாகச் சுழன்றால் தட்டுகள் தேய்ந்துவிட்டன. அளவாகத் தெரிய வேண்டுமென்றால், ஒரு பின் சில்லு நிலத்தில் நிற்க மற்றதை மட்டும் தூக்கி, அதன் நடுவில் முறுக்குவிசை காட்டும் சாவியைப் பொருத்தி, எந்த அளவில் அது நகரத் தொடங்குகிறது என்று பார்த்து, வாகனத்தின் திருத்தக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடலாம். தட்டுகளும் இடைத்தகடுகளும் கிடைக்கும் வாகனமாக இருந்தால் மாற்றிவிடலாம். இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டியில் தட்டை மாற்றும் செலவைப் பார்க்கும்போது, அதே வேலையோடு தேய்மானத் தட்டே இல்லாத சாய்பல் கியர் வகைக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றுகிறது. இந்த வகையை அமெரிக்கரான வேர்ணன் கிளீஸ்மன் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றது 1958இல்; அதிலுள்ள கியர்கள் தமக்குள் அழுந்திக்கொள்ளும் விசையே பூட்டாக வேலை செய்வதால், அதற்குச் சிறப்பு ஒயில் சேர்மானமும் தேவையில்லை.

அறிகுறி: முடக்கில் ரயர் கீச்சிடுகிறது, "டக்" என்று அடிக்கிறது, ஸ்ரியறிங் நேராகத் தள்ளுகிறது

முதலில் நாலு சில்லு இழுவை லீவரைப் பாருங்கள். நடு டிபரன்சல் இல்லாத பிக்கப்பை நாலு சில்லு இழுவையில் வைத்துக்கொண்டு தார் வீதியில் திருப்பினாலும் இதே அறிகுறிதான் வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் முறுக்கு ஏறி லீவரும் கழராமல் இறுகிவிடும். சில மீற்றர் நேராகப் பின்னோக்கி எடுத்தால் அது கழன்றுவிடும். டிபரன்சலுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

லீவர் சரியாக இருந்தும் இந்த அறிகுறி இருந்தால், பின் அச்சில் தானியங்கி லொக்கரோ, யாரோ உள்ளே வெல்டிங் அடித்து நிரந்தரமாகப் பூட்டிவிட்ட டிபரன்சலோ இருக்கிறது. எங்கள் ஒழுங்கைகளில் இது ஏன் பெரிய விடயம் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். இரண்டு பின் சில்லுக்கும் இடையிலுள்ள அகலம் ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு செங்கோண முடக்கில் வெளிச்சில்லு உட்சில்லை விட ஏறக்குறைய 2.36 மீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். 265/70 ஆர் 16 அளவுள்ள ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.44 மீற்றர். அதாவது ஒவ்வொரு முடக்கிலும் வெளிச்சில்லு ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுக் கூடுதலாகச் சுழல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் அந்த ஒரு சுற்றை ரயர் தார் மீது தேய்ந்துதான் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் முறுக்கேறி உடைய வேண்டும். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு நாலு முடக்கு உள்ளவர் ஒரு நாளில் போய்வர எட்டுச் சுற்றுத் தேய்க்கிறார்.

டெற்றோயிற் லொக்கர் போன்ற தானியங்கி வகை அவ்வளவு மோசமில்லை. அது திரும்பும்போது வெளிச்சில்லைப் பல் விட்டு முன்னே ஓட விட்டு, நேரானதும் திரும்பப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்த விடுதலும் பூட்டுதலுமே "டக், டக்" என்ற சத்தம். முடக்கின் நடுவில் அக்சிலேற்றரைக் கூட்டினால் இரண்டு சில்லும் பூட்டிக்கொண்டு வண்டி மதிலை நோக்கி நேராகப் போகப் பார்க்கும். விட்டால் சட்டென்று உள்ளே வளையும். ஓட்டிப் பழகிய ஒருவருக்கு அது பழகிவிடும். வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. வெல்டிங் அடித்த டிபரன்சலைப் பொது வீதியில் ஓட்டும் எந்த வண்டிக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்: பின்னால் ஒரு ரயர் புதிது, மற்றது தேய்ந்தது. ஒன்றில் பூ 10 மில்லிமீற்றரும் மற்றதில் 3 மில்லிமீற்றரும் இருந்தால் சுற்றளவில் 44 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். ஒரு கிலோமீற்றருக்குச் சின்ன ரயர் ஏழரைச் சுற்றுக் கூடுதலாகச் சுழல வேண்டும். நேரான ஏ-9 வீதியில்கூட டிபரன்சல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். திறந்த வகை அதைத் தாங்கும், எல்.எஸ்.டி.யின் தட்டுகள் தேயும், தானியங்கி லொக்கர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். எந்தப் பூட்டு வாங்குவதற்கு முன்பும் தையல் நாடாவால் இரண்டு பின் ரயர்களின் சுற்றளவையும் அளந்துவிடுங்கள்.

அறிகுறி: சுவிச் போட்டும் லொக்கர் பூட்டவில்லை, அல்லது பூட்டியது விடவில்லை

மின்மோட்டரால் பூட்டும் வகையில் முதலில் நிபந்தனைகளைப் பாருங்கள். பல ஹைலக்ஸ்களில் பின் லொக்கர் லோ கியரில் மட்டுமே பூட்டும். ஹை கியரில் நின்றுகொண்டு சுவிச்சைத் திருகிப் பயனில்லை. சுவிச்சைப் போட்டதும் மீற்றர் பலகையிலுள்ள விளக்கு முதலில் சிமிட்டும். பல் பொருந்தியபின்தான் சிமிட்டாமல் எரியும். பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் இடமும் வலமும் ஒடித்தபடி ஒன்றிரண்டு மீற்றர் மெதுவாக உருட்டினால் பொருந்திவிடும். சேற்றில் புதைந்து ஒரு சில்லு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது சுவிச்சைப் போடக் கூடாது. சில்லு நின்ற பிறகு போட வேண்டும். எனவே லொக்கர் புதைவதற்கு முன்னால் போட வேண்டிய பொருள், புதைந்த பின் தேட வேண்டிய பொருள் அல்ல.

விளக்கே வரவில்லை என்றால் பியூசையும், அச்சின் மேலுள்ள வயர் இணைப்பையும் பாருங்கள். கடற்கரைக்கும் களப்புக்கும் போய்வரும் வண்டியில் அந்த இணைப்பின் பின்கள் பச்சை பிடித்துக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இணைப்பு நன்றாக இருந்தால் மோட்டரே இறுகியிருக்கலாம். ஆண்டில் ஒரு முறை மட்டும் போடுகிற லொக்கர் இறுகிவிடுவது இயல்பு. மாதம் ஒரு தடவை மணல் அல்லது புல் திடலில் பூட்டி விட்டு ஓட்டினால் அது நீண்ட காலம் உழைக்கும்.

காற்றால் பூட்டும் வகையில் கொம்பிரசரின் சத்தத்தைக் கேட்க வேண்டும். அது ஓடி, நிறைந்து, தானாக நின்றுவிட வேண்டும். லொக்கர் போட்டிருக்கும்போது மட்டும் கொம்பிரசர் அடிக்கடி திரும்ப ஓடினால், அச்சுக்குப் போகும் குழாயிலோ டிபரன்சலுக்கு உள்ளே காற்றை அடைத்து வைக்கும் ஓ வளையத்திலோ காற்று ஒழுகுகிறது. சவர்க்கார நுரையைக் குழாய் நெடுகப் பூசிப் பாருங்கள். வெளியே குமிழி வராமல், அச்சின் மூச்சுக் குழாயால் ஒயில் தள்ளினாலோ, காற்றைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனொயிட்டின் வாயால் ஒயில் கசிந்தாலோ, வளையம் உள்ளே போய்விட்டது. திறந்தே ஆக வேண்டும்.

விடவில்லை என்றால் பெரும்பாலும் பழுது இல்லை. பற்களில் பாரம் ஏறியிருக்கும். அக்சிலேற்றரை விட்டு, ஸ்ரியறிங்கை நேராக்கி, கொஞ்சம் பின்னோக்கியும் கொஞ்சம் முன்னோக்கியும் எடுத்தால் கழன்றுகொள்ளும். விளக்கு அணையும்வரை தார் வீதிக்கு ஏற வேண்டாம். பல வாகனங்களில் லொக்கர் போட்டிருக்கும்வரை ஏ.பி.எஸ். பிறேக்கும் வேலை செய்யாது.

அறிகுறி: ஈரமான கிறவல் வீதியில் வால் பக்கவாட்டில் வழுக்குகிறது

பூநகரிப் பக்கத்து வயல் வீதிகளில் மழைக்குப் பின் இது நடக்கும். வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிந்திருக்க, பின் அச்சு பூட்டியிருந்தால் இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் வழுக்கத் தொடங்கும்; வண்டியின் வாலை அந்த இடத்தில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. திறந்த டிபரன்சலில் ஒன்று சுழன்றாலும் மற்றது உருண்டபடி பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பக்கச் சரிவில் லொக்கரைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாத தானியங்கி வகைக்கு எதிராக நான் சொல்லும் பெரிய காரணமும் இதுவே. இருபக்கமும் வாய்க்கால் உள்ள வரம்பு வீதியில் வால் இறங்கினால் அதை மீட்க உழவு இயந்திரம்தான் வர வேண்டும்.

அறிகுறி: நேராக ஓடும்போது ஊளைச் சத்தம், அல்லது பால்தேநீர் நிறத்தில் ஒயில்

இவை பூட்டைத் தெரிவு செய்யும் விடயம் அல்ல. பூட்டு வாங்குவதற்கு முன் தீர்க்க வேண்டியவை. வேகத்தோடு கூடிக் குறையும் ஊளை பெரும்பாலும் பெயாரிங் அல்லது கிறவுண் பினியன் பல்லைச் சேர்ந்தது. ஒயில் பால்தேநீர் நிறமாக மாறினால் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஓடிச் சூடேறிய அச்சு வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே உள்ள காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். களப்பு உப்புத் தண்ணீர் என்றால் அன்றே ஒயிலை இறக்கிவிட வேண்டும், வார இறுதி வரை வைக்கக் கூடாது. மூச்சுக் குழாயை நீட்டி என்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இனி எதைப் பொருத்துவது

மேலே உள்ள அறிகுறிகளைப் பார்த்த பிறகும் ஒரு சில்லு சுழல்வதே உங்கள் உண்மையான சிக்கல் என்றால், அந்தச் சில்லு நிலத்தைத் தொட்டபடி சுழல்கிறதா, தூக்கிக்கொண்டு சுழல்கிறதா என்பதே தீர்மானம். கிறவல் வீதி, ஈரப் புல், தோட்டத்துச் செம்மண் போன்றவற்றில் தொட்டபடி வழுக்குகிற வண்டிக்கு, அதுவும் நாள்தோறும் பாரம் ஏற்றி ஓடுகிற வண்டிக்கு, சாய்பல் கியர் வகையே நல்லது. ஓட்டுநர் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. முடக்கில் சத்தமில்லை, சுவிச் இல்லை, பழகத் தேவையில்லை. வரம்பு கடந்து, வாய்க்கால் குறுக்கே இறங்கி ஏறி, சில்லு தூக்குகிற வண்டிக்குச் சுவிச்சால் போடும் லொக்கரே வேண்டும்: தொழிற்சாலையில் வந்த மின் வகை அதே மொடலுக்குப் பழைய அச்சாகக் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் 1975இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் காற்று வகை போன்ற ஒன்று. பழைய அச்சை முழுதாக வாங்குவதானால் கிறவுண் பினியன் விகிதம் உங்கள் முன் அச்சின் விகிதத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் நாலு சில்லு இழுவையைப் போடும்போது ட்ரான்ஸ்பர் பெட்டி உடையக்கூடும்.

பூட்டை மட்டும் வாங்கிப் பழைய கிறவுண் வீலை அதில் ஏற்றுவதானால், பொருத்துகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கிறவுண் வீல் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியை டயல் மானியால் அளப்பாரா? ஹைலக்ஸின் எட்டு அங்குலப் பின் டிபரன்சலுக்கு அந்த இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். அது இரண்டு தலைமயிரின் தடிப்பு. கையால் அசைத்துப் பார்த்து "காணும்" என்று சொல்கிறவரிடம் கொடுத்தால், ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஊளைச் சத்தம் வந்துவிடும். பல்லில் நிறம் பூசிச் சுழற்றி, நிறத்தின் பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்பதையும் உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள்.

பொருத்திய பின் முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலை இறக்கிப் பாருங்கள். இறக்கும் மூடியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை போன்ற மெல்லிய படிவு ஒட்டியிருக்கும். புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகுவதால் வருவது அது, துடைத்துவிட்டுப் புதிய ஒயிலை ஊற்றலாம். துடைக்கும்போது துணியில் குத்துகிற செதிலோ, விரலில் தட்டுப்படுகிற பல்முனைத் துண்டோ இருந்தால், மூடியைப் பூட்டாமல், வண்டியை ஓட்டாமல், பொருத்தியவரை அங்கேயே கூப்பிடுங்கள்.